திரும்பி வர வேண்டிய ரப்பர் வளையம்

அக்கா,

இன்று காலை தண்ணீர்ப் பானையை இறக்கி வைத்துவிட்டு, அதன் அடியில் கிடந்த கறுப்பு ரப்பர் வளையத்தைக் கையில் எடுத்தேன். சிமெண்டுத் தரையில் வட்டமாக ஒரு வெளுத்த தடம் தெரிந்தது. இருபது வருஷத்துக்கு மேலாகப் பானைக்குப் பிரிமணையாக இருந்த வளையம் அது. சோப்புப் போட்டுத் தேய்த்து, வெயிலில் வைத்து, காய்ந்ததும் மூக்கருகே கொண்டுபோனேன். இன்னும் கிரீஸ் வாசனை போகவில்லை! நீ கணக்குப் பார்த்த, நான் பெருக்கிய நம் ஸ்டோர்ஸ் ரூம் வாசனை. புடவைக்கு மேல் நீ போட்டிருந்த நீலக் கோட்டின் வாசனை.

உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். நீ போய் இரண்டு தை முடிந்துவிட்டது. நீ இருந்திருந்தால் கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறி மீஞ்சூரில் இறங்கி உன் வீட்டு வாசலில் நின்றே கத்தியிருப்பேன். அவ்வளவு பெரிய சேதி. இப்போது பேத்தியின் பழைய காலேஜ் நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்புக் கையெழுத்து, பொறுத்துக்கொள்.

நேற்று சாயங்காலம் பேத்தி வேலை முடிந்து வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாசலில் இருந்து கூவினாள்.

"ஆயா! கம்பெனிப் பொருள் ஒண்ண எடுத்தாந்து ஊட்ல வெச்சிக்கினு, திருப்பிக் குடுக்கவே இல்லியாமே நீ!"

"இன்னாடி உளர்றே? நான் வேலைய வுட்டே எத்தினி வருசம் ஆச்சி."

"நான் சொல்லல. சிஸ்டம் சொல்லுது."

அவள் எங்கே வேலை செய்கிறாள் தெரியுமா? தகட்டை அழுத்திச் சாமான் செய்யும் நம்ம பிரஸ் கம்பெனியில்தான். நான் துடைப்பம் பிடித்துக்கொண்டு நுழைந்த அதே கேட் வழியாக, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, பிளானிங் பிரிவுக்குப் போகிறாள். எந்த மிஷினில் எந்த நாள் எந்தச் சாமான் ஓட வேண்டும் என்று அவள் சொல்கிறாள், மிஷின் ஓடுகிறது. எனக்குச் சொல்லிச் சொல்லி வாய் ஓயவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் எல்லாம் பாவம்.

திங்கட்கிழமை அங்கே பழைய கம்ப்யூட்டர் சிஸ்டம் போய்ப் புதுசு வருகிறதாம். பழையதில் முடியாமல் நிற்கும் வேலை ஒவ்வொன்றையும் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் புதியதற்கு மாற்ற வேண்டும். வெளியே போய்த் திரும்பி வராத பொருள்களின் பட்டியல் இவள் கைக்கு வந்திருக்கிறது. அதில் முதல் வரி, எல்லாவற்றையும் விடப் பழையது. அதைப் போனில் படம் பிடித்துக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். இங்கிலீஷ் எழுத்து. அவளே படித்துக் காட்டினாள்.

"பொருள்: பழைய சீல். எண்ணிக்கை: ஒண்ணு. யாருகிட்ட போவுது: உன் பேரு. பதிஞ்சவங்க: மீஞ்சூர் ஆயா பேரு. எதுக்காக..." இங்கே அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "எதுக்காகன்னா, 'பானைக்கு'!"

அக்கா, எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, அந்த சிஸ்டம் வருவதற்கு முன்னால் நம் கம்பெனி இருந்த லட்சணம்? ஸ்டோர்ஸுக்கு ஒரு நோட்டு, கொள்முதலுக்கு ஒரு நோட்டு, பிரஸ் ஷாப் சூப்பர்வைசர் பாக்கெட்டில் ஒரு குட்டி நோட்டு. ஒரு நோட்டில் இருக்கும் பொருள் இன்னொரு நோட்டில் இருக்காது. பெல்ட் இருக்கிறது என்பார் ஒருவர், இல்லை என்பார் இன்னொருவர், நடுவில் என்னை ஓடவிட்டு ரேக்கைப் பார்த்துவரச் சொல்வார்கள். பிறகு ஒருநாள் எல்லாரையும் ஷெட்டில் நிற்க வைத்து மேனேஜர் பேசினார். ஈஆர்பி என்று ஒரு கம்ப்யூட்டர் கணக்கு வருகிறது, இனிமேல் எல்லாருக்கும் ஒரே புத்தகம் என்றார். நீ என் காதில் சொன்னாய்:

"ஒரே புஸ்தகம்னா திருடனுக்கும் வேல கம்மிடி."

நான் களுக்கென்று சிரித்துவிட்டேன். சூப்பர்வைசர் முறைத்ததும் நீ முகத்தைச் சாமி மாதிரி வைத்துக்கொண்டாய்.

ஆனால் உன் பயம் பொய்யில்லை. பெரிய பிரஸ்ஸில் எண்ணெய் கசியாமல் இருக்கப் போடும் சீல், ஒரு சாண் அகல ரப்பர் வளையம், வெளியூரில் இருந்து வர மூன்று வாரம் ஆகும். முந்தின வருஷம் நம் ரேக்கில் இருந்ததை நம் கம்பெனியின் இன்னொரு யூனிட்டுக்காரர்கள் லிஸ்ட்டில் பார்த்துவிட்டு வண்டி வைத்து அள்ளிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரமே நம் பிரஸ் எண்ணெயைக் கக்கிக்கொண்டு நின்றது. ஏச்சு முழுக்க உனக்கு. அன்றிலிருந்து ஆறு சீல் எப்போதும் எந்த நோட்டிலும் ஏறாமல் உன் கையில் இருக்கும். நீ மட்டுமா? எலக்ட்ரீஷியன் லாக்கரில் ஃபியூஸ், டூல் ரூம்காரர் டிபன் பையில் டிரில் பிட். யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. தன் மிஷின் நிற்கக்கூடாது என்று பதுக்கினார்கள்.

சிஸ்டம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர்ஸ் முழுக்க எண்ணினோம். எண்ணி முடித்த ரேக்குக்குப் பச்சை ஸ்டிக்கர். நீ அந்த ஆறு சீலையும் மூலையில் இருந்த நீல டிரம்மில், எண்ணெய் துடைக்கிற பனியன் வேஸ்ட்டுக்கு அடியில் புதைத்தாய். துணியை விலக்கிப் பிடித்தது நான்தான். அதையும் எழுதிவிடுகிறேன். எண்ணிக்கைத் தாளில் 'சீல் - 0' என்று எழுதி நீ கையெழுத்துப் போட்டாய்.

புதன்கிழமை கேட்டில், அடுத்த வாரம் யார் யார் வேலைக்கு வர வேண்டும் என்று சிஸ்டம் போட்ட பட்டியலை ஒட்டினார்கள். பேக்கிங் லைனில் காண்ட்ராக்ட் வேலை செய்த இருபது பெண்கள் பெயரும் இல்லை. அதில் ஒன்று என் மகள். பிரசவத்துக்கு நின்றவள், கெஞ்சிக் கூத்தாடி இடத்தைத் திரும்ப வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. எட்டு மாதக் குழந்தையை என் மாமியார் கையில் கொடுத்துவிட்டு வந்துகொண்டிருந்தாள். அந்தக் குழந்தைதான் இப்போது பிளானிங்கில் இருப்பவள். மகள் என்னைத் தேடி வந்து விம்மினாள்.

"மூணு வாரம் வரத் தேவயில்லன்றாங்கம்மா. இப்ப நின்னா அவ்ளோதான். வேற ஆளப் போட்டுடுவாங்க."

என்ன செய்வதென்று தெரியாமல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் ரூமுக்குப் போனேன். சிஸ்டம் போட வந்த நெல்லூர்ப் பக்கத்துப் பொண்ணு அங்கே இருந்தாள். ஒயர்களுக்கு நடுவே உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தாள். "ஏம்மா, இந்தப் பொட்டி எதுக்கு என் பொண்ணு பேரை எடுத்துச்சி?" என்று கேட்டேன். வேறு யாராக இருந்தாலும் போய் ஹெச்ஆரைக் கேள் என்றிருப்பார்கள். அவள் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உட்காருங்கம்மா. பார்ப்போம்."

கம்பெனியில் அதுதான் முதல் தடவை நான் நாற்காலியில் உட்கார்ந்தது.

அவள் மகள் பெயரைத் தட்டினாள். அங்கிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னால் போனாள். பேக்கிங்கில் ஆள் வேண்டாம், ஏன்? பேக் பண்ணச் சாமான் வராது. ஏன் வராது? பெரிய பிரஸ் வெள்ளிக்கிழமையில் இருந்து நிற்கும். ஏன் நிற்கும்? வியாழக்கிழமை சீல் மாற்ற வேண்டிய நாள். சீல் இருக்கிறதா? அவள் விரல் திரையில் நின்றது. 'சீல் - இருப்பு 0.' வாங்குவதற்கு ஆர்டர்கூடத் தானாகவே போயிருந்தது, வர மூன்று வாரம். லாரிக்காரருக்கும் வர வேண்டாம் என்று சேதி போயிருந்தது.

டிரம்மில் துணியை விலக்கிப் பிடித்தது என் கைதானே என்று பயந்துபோனேன். ஆனால் மறைக்காமல் சொல்கிறேன், அந்தப் பயத்துக்குள்ளேயே ஒரு சந்தோஷம் குபுக்கென்று வந்தது. எல்லாம் ஒன்றோடு ஒன்று பேசுகிறதே! ஒரு ரப்பர் வளையம் போய் லாரிக்காரரிடம் பேசுகிறது, லாரிக்காரர் என் மகளிடம் பேசுகிறார். மூன்று நோட்டில் முடியாத காரியம் ஒரு திரையில் நடக்கிறது. அது பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நாம்.

ஓடி வந்து உன்னிடம் சொன்னேன். நீ சோற்றுக் கேரியரைத் திறந்துகொண்டிருந்தாய்.

"போடி. நம்ம டிரம்முக்கும் உன் பொண்ணு பேருக்கும் இன்னா சம்மந்தம்?"

"நான் பாத்தேங்கா. கண்ணால பாத்தேன்."

நம்பாததால் சாக்பீஸை எடுத்துத் தரையில் வரைந்தேன். ஒரு வட்டம், சீல். ஒரு பெட்டி, பிரஸ். அப்புறம் பேக்கிங், அப்புறம் கேட். நடுவில் கோடு. நீ கேரியரைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாய்.

"கையெழுத்துப் போட்டுக்கீறேன்டி. தப்பா எண்ணி எழுதினா கேட்டுக்கு வெளியதான்னு மேனேஜர் சொன்னாரில்ல?"

எனக்குத் தெரியாதா? உன் வீட்டில் சம்பாதிக்கிற கை உன் ஒரு கைதான்.

"நான் ஒளிச்சேன்னு சொல்லிடறேங்கா. நான்தான எண்ணத் தெரியாதவ."

நீ என்னை ஏற இறங்கப் பார்த்தாய். "ஏய் அஞ்சாங்கிளாசு, பெருக்கற வேல மட்டும் பாரு. பெரிய தியாகி ஆவாத."

கருவாட்டுக் குழம்பு ஊற்றிய சோறு அப்படியே இருந்தது. கேரியரை மூடினாய். டிரம்முக்குள் கையை விட்டாய். ஆறு சீலையும் பனியன் துணியில் சுற்றிப் பிள்ளையைத் தூக்குவது மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு, கண்ணாடி ரூமில் மீட்டிங் நடக்கும்போதே கதவைத் தள்ளிக்கொண்டு போனாய். நான் உன் பின்னால் துடைப்பத்தோடு நின்றேன்.

"சார், இது ஆறு. ஞாயித்துக்கெழம எண்றப்ப ஒளிச்சி வெச்சேன். இவ இல்ல, நான்."

மேனேஜர் முகம் சிவந்துபோனது. ஏன் என்று கேட்டார். நீ குரலை உயர்த்தாமல் போன வருஷக் கதையைச் சொன்னாய். கடைசியில் ஒன்று சொன்னாய் பார், அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"ஏத்தறதுக்கு நான் ரெடி சார். ஆனா அந்த யூனிட்டுக்காரங்க லிஸ்ட்ட பாத்துட்டு வந்து வாரிக்கினு போவக்கூடாது. அதுக்கு உங்க கம்ப்யூட்டர்ல பூட்டு கீதா?"

மூலையில் இருந்த நெல்லூர்ப் பொண்ணுதான் சந்தோஷத்தில் தெலுங்கிலேயே சொன்னாள். "உந்தம்மா!" அப்புறம் தமிழில், "இருக்கும்மா. இந்த பிரஸ்ஸுக்கு மட்டும்னு பூட்டலாம். யாராலயும் எடுக்க முடியாது. ஆனா எந்த இடத்துல வெச்சிருக்கீங்கன்னு சொல்லணும். இடம் சொல்லலேன்னா ஏத்துக்காது."

"பனியன் வேஸ்ட் டிரம்மு."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள், மேனேஜரைத் தவிர. அவள் சிரித்துக்கொண்டே அதையே அடித்தாள். பிறகு எழுந்து உன்னை நாற்காலியில் உட்கார வைத்து, எண்ணிக்கையை நீங்களே போடுங்கள் என்றாள். கிரீஸ் விரலைக் கோட்டில் துடைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் 6 என்று தட்டினாய்.

சிஸ்டம் எல்லாவற்றையும் மறுபடி கணக்குப் போட்டுப் பார்க்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. டீ வந்தது. நீ குடிக்கவில்லை, நானும் குடிக்கவில்லை. திடீரென்று திரையில் சிவப்பாக இருந்த வரிகள் மேலிருந்து கீழாகப் பச்சையாகிக்கொண்டே வந்தன. பிரஸ், பேக்கிங், லாரி. கடைசியில் பெயர்கள். பதினோராவது பெயர் என் மகள்!

நீ என் கையைப் பிடித்து நசுக்கினாய். "ஒரு ஆறு போட்டேன், இருபது பேரு உள்ள வந்துட்டாங்கடி!"

மேனேஜர் மட்டும் காலையில் ரூமுக்கு வா என்றார். மறுநாள் மெமோ டைப் அடித்துத் தயாராக இருந்தது. கொடுப்பதற்கு முன்னால், இன்னும் யார் யார் என்னென்ன பதுக்கியிருக்கிறார்கள் என்று கேட்டார். நீ பெயர் சொல்லவில்லை.

"ஆளக் கேக்காதீங்க சார். அந்த டிரம்ம கேண்டீன் பக்கத்துல வையுங்க. ஒரு நாளு யாரும் அந்தப் பக்கம் பாக்காதீங்க. அது போதும்."

சாயங்காலம் டிரம்மைக் கவிழ்த்தோம். பெல்ட், ஃபியூஸ், டிரில் பிட், வாழை இலையில் சுற்றிய பேரிங், யாரோ ஒருத்தர் டிபன் பாக்ஸையே மறந்து போட்டிருந்தார். அரைக் கிலோ கிரீஸ்கூட இருந்தது. எல்லாம் சிஸ்டத்தில் ஏறியது, எல்லாவற்றுக்கும் பூட்டும் விழுந்தது. மேனேஜர் அந்த மெமோவை மேஜை டிராயரில் வைத்து மூடினார். பிறகு அது வெளியே வரவேயில்லை.

அன்றைக்கே பிரஸ்ஸில் சீலை மாற்றினார்கள். தேய்ந்துபோன பழையது ஸ்கிராப்புக்குப் போக இருந்தது. பானை வைக்க ஆகுமே என்று உன்னிடம் கேட்டேன். ஒரு வாரம் முன்னால் என்றால் நீயே என் பையில் திணித்திருப்பாய்.

"சும்மா தர மாட்டேன். சிஸ்டத்துல ஏத்தி, கேட் பாஸ் போட்டுத்தான்."

"இந்தப் பிஞ்சிபோன ரப்பருக்கா? இன்னாக்கா பேஜாரு பண்றே."

"நான் கையெழுத்துப் போட்டா இனிமே சரியாத்தான் இருக்கும்."

ஒரு வளையத்துக்கு அரை மணி நேரம் உட்கார்ந்து தட்டினாய். மேனேஜர் அதைப் பார்த்து, முதல் முறையாகச் சிரித்துக் கையெழுத்துப் போட்டார். கேட்டில் காவலாளி தாளையும் ரப்பரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் ராணி மாதிரி வெளியே வந்தேன்.

இப்போது சேதிக்கு வருகிறேன். வெளியே போகும் பொருளுக்கு இரண்டு விதம் உண்டாமே. ஒன்று, ஒரேயடியாகப் போவது. இன்னொன்று, ரிப்பேருக்குப் போய்த் திரும்பி வர வேண்டியது. நீ அவசரத்தில் இரண்டாவதைத் தட்டிவிட்டாய் அக்கா! அந்த சிஸ்டம் இத்தனை வருஷமும் நம் வளையம் வரும் வரும் என்று காத்துக்கொண்டு இருந்திருக்கிறது. மாதா மாதம் யாரோ ஒருவர் பட்டியலில் வந்து நிற்குமாம். ரிப்பேர் கடையில் இருக்கிறது போல என்று விட்டுவிடுவார்களாம். இங்கிலீஷ் எழுத்தில் 'பானைக்கு' என்று இருந்ததை ஏதோ கடைப் பெயர் என்று நினைத்திருக்கிறார்கள்.

"இப்ப இன்னாடி செய்யணும்?" என்று பேத்தியைக் கேட்டேன்.

"ஒண்ணும் வேணாம் ஆயா. தொலைஞ்சி போச்சின்னு ஒரு பட்டன் தட்டினா மூடிக்கும்."

"தொலைஞ்சிதா? பானைக்கு அடியில கீதுடி! உன் மீஞ்சூர் ஆயா பேருக்கு நேரா தொலைஞ்சிதுன்னு எழுதுவியா நீ?"

நான் போட்ட சத்தத்தில் மகள் அடுப்படியில் இருந்து ஓடி வந்தாள். நீ ஒரே ஒரு தடவை 0 என்று தப்பாக எழுதினாய். அதை உன் கையாலேயே 6 ஆக்கினாய். அதற்குப் பிறகு உன் பெயருக்கு எதிரில் ஒரு திருகாணிகூடக் குறைந்ததில்லை. நீ இல்லாத நேரத்தில், என் வீட்டுப் பெண் கையால், அது குறையக்கூடாது. அதுவும் யாருக்காக நீ அன்று கண்ணாடி ரூமுக்குப் போனாயோ அவள் பெற்ற பெண்.

அதனால்தான் இன்று காலை பானையை இறக்கினேன். நல்ல புடவை கட்டி, வளையத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, ஷேர் ஆட்டோ ஏறினேன். கேட்டில் இப்போது காவலுக்கு ஒரு பெண் இருக்கிறாள். கையில் போன் மாதிரி ஒரு கருவி. மேஜைமேல் வளையத்தை வைத்து, திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன் என்றேன். அவள் அன்றைக்கு இருந்த காவலாளியைப் போலவே என்னையும் ரப்பரையும் மாறி மாறிப் பார்த்தாள். அதற்குள் பேத்தி வந்துவிட்டாள். அவள் பின்னால் பிளானிங் ரூமே வந்தது. 'பானை வந்துடுச்சி, பானை வந்துடுச்சி' என்று ஒரே கூச்சல். பேத்தி தட்டினாள். சிவப்பு வரி பச்சையானது. வந்து சேர்ந்தது, ஒன்று. எல்லாரும் கைதட்டினார்கள் அக்கா. எனக்கா தட்டினார்கள்? உனக்குத்தான்.

இன்னொன்று. ஸ்டோர்ஸ் மூலையில் இப்போது டிரம் இல்லை, பூட்டுப் போட்ட இரும்பு பீரோ நிற்கிறதாம். ஆனால் இடத்தின் பெயர் 'பனியன் வேஸ்ட் டிரம்' தான். புது சிஸ்டத்திலும் அதே பெயரில் ஏற்றிவிட்டார்களாம். இன்னும் அந்த யூனிட்டுக்காரர்களால் அங்கிருந்து ஒரு சீல் எடுக்க முடியவில்லை!

ஒளித்ததை ஒப்புக்கொள்கிற விஷயத்தில் நானும் உன்னைப் போல ஆகிவிட்டேன். வெல்லத்தை எங்கே ஒளித்தாய் என்று மகள் கேட்டால், அரிசி டின்னில் என்று உடனே சொல்லிவிடுகிறேன். டாக்டரிடமும் அப்படித்தான், முந்தின நாள் சாப்பிட்ட ஜாங்கிரி வரைக்கும் சொல்லிவிடுகிறேன்.

வெறும் பையோடு கிளம்பும்போது பேத்தி, இரு ஆயா என்று மறித்தாள். தேய்ந்த ரப்பர், ஸ்கிராப்தான், மேனேஜரிடம் கேட்டுவிட்டேன் என்று சொல்லி, அங்கேயே நின்று கேட் பாஸ் போட்டாள். முதலில் எந்த விதம் என்று பார்த்து, ஒரேயடியாகப் போவது என்பதைத் தட்டினாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டச் சொன்னேன்.

"யாருகிட்ட போவுது? உன் பேரு. பதிஞ்சது, என் பேரு. எதுக்காக, ஆயா?"

"அதேதான் போடுடி. பானைக்கு."

இதோ வளையம் வெளுத்த தடத்தின்மேல் சரியாக உட்கார்ந்துவிட்டது. பானையை ஏற்றித் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன். ஆடவில்லை. இனிமேல் இதை யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள், அக்கா. தண்ணீர் மொள்ளக் குனிகிறபோதெல்லாம் அந்தக் கிரீஸ் வாசனை மட்டும் வரும்.